சுவாமிகள், அடிகள், ஜீயர்: குருமார்களின் பட்டங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவை

ஆன்மிகப் பெரியோர்களைக் குறிப்பிடும் சொற்களைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதி வாசகர்கள் சில மாதங்களாக அனுப்பிவந்த கேள்விகளில், பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் அழைப்பிதழ் அச்சடிக்கும்போதோ, மேடையில் வரவேற்புரை சொல்லும்போதோ எழுந்தவை. தவறாக அழைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவை எல்லாவற்றிலும் தெரிகிறது. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

காட்பாடி வாசகர்: காங்கேயநல்லூர் வாரியார் இல்லறத்தில் வாழ்ந்தவர். அவரைச் ‘சுவாமிகள்’ என்று எழுதுவது சரியா? ‘வாரியார்’ என்பது கேரளத்துச் சாதிப் பெயரா?

சரிதான். ‘ஸ்வாமின்’ என்ற வடசொல்லுக்கு உடையவர், தலைவர் என்று பொருள்; ‘ஸ்வ’ என்றால் தன்னுடையது. துறவு என்ற கருத்து அந்தச் சொல்லின் வேரில் இல்லை. துறவிகள் தங்கள் பெயருக்கு முன்னால் அதை வைத்துக்கொள்ளும் வழக்கம் ஊன்றிய பிறகுதான், சுவாமி என்றால் காவி உடுத்தியவர் என்ற எண்ணம் நமக்கு ஏற்பட்டது. கோயிலில் இருக்கும் தெய்வத்தையும் சுவாமி என்கிறோம். மாலையணிந்து சபரிமலைக்குப் புறப்படும் பக்கத்து வீட்டு இளைஞரையும் அந்த 41 நாட்களுக்குச் சாமி என்றே அழைக்கிறோம். வைணவர்கள் ஒருவரையொருவர் ‘சுவாமி’ என்று விளிப்பதும் நாள்தோறும் காணக்கூடியதே. இராமானுசருக்கு வழங்கும் ‘உடையவர்’ என்ற திருநாமத்தை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், வடசொல் எதைச் சொல்கிறதோ அதையே தமிழ்ச்சொல்லும் சொல்வது விளங்கும்.

1906ஆம் ஆண்டு காங்கேயநல்லூரில் பிறந்து 1993ஆம் ஆண்டு மறைந்த திருமுருக கிருபானந்த வாரியார், வீரசைவ மரபில் வந்தவர். மணம் செய்துகொண்டு இல்லறத்தில் இருந்தபடியே வாழ்நாள் முழுவதும் முருகன் புகழைச் சொற்பொழிவாகப் பொழிந்தவர். எந்த மடமும் அவரைப் பீடத்தில் அமர்த்தி ‘சுவாமிகள்’ ஆக்கவில்லை. கேட்டவர்கள் கொடுத்த பெயர் அது. பட்டங்களில் இப்படி இரண்டு வகை உண்டு: ஒரு மரபு முறைப்படி அளிக்கும் பதவிப் பெயர் ஒன்று, மக்கள் வாய் அன்பினால் சூட்டும் பெயர் மற்றொன்று. இரண்டும் மதிப்புடையவை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான் பிழை நேர்கிறது. கீழே வரும் பல கேள்விகளுக்கும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் விடை கிடைக்கிறது.

‘வாரியார்’ என்பதைக் கேரளத்து வாரியருடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிருபை, ஆனந்தம், வாரி என்று பிரித்தால் கருணையும் இன்பமும் நிறைந்த கடல் என்று பொருள் வரும். ‘வாரி’ என்ற சொல்லுக்குக் கடல் என்ற பொருள் தமிழ் நிகண்டுகளில் பழகியதே. ‘ஆர்’ மரியாதை விகுதி. ஆகவே ‘கிருபானந்தவாரி’ என்பது முழுவதும் ஒரே பெயர். நாம்தான் நடுவில் இடம்விட்டு எழுதி, பின்பகுதியைக் குடும்பப் பெயர்போல ஆக்கிவிட்டோம்.

ஆற்காடு வாசகி: ‘அடிகள்’ என்பது உயர்ந்த பட்டம், ‘அடிமை’ என்பது தாழ்வைச் சொல்வது. ரத்தினகிரியில் ‘பாலமுருகனடிமை சுவாமிகள்’ என்று இரண்டும் சேர்ந்து வருவது எப்படி?

மிக நல்ல கேள்வி. தமிழில் இந்தத் துறைக்குரிய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் இதுதான். அடிகள், அடிகளார், அடியார், அடியேன், அடிமை ஆகிய ஐந்தும் ‘அடி’ என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தவை. அடி என்றால் பாதம்.

பெரியோர் ஒருவரின் முகத்தையோ பெயரையோ நேரே குறிப்பிடத் தயங்கி, அவருடைய பாதத்தைக் குறிப்பிடுவது நம் பண்பாட்டில் மிகப் பழைய முறை. அந்தப் பாதமே அவருக்குப் பெயராகி, மரியாதைப் பன்மை சேர்ந்து ‘அடிகள்’ ஆயிற்று. இளங்கோவடிகள் முதல் இராமலிங்க அடிகள் வரை அந்த வழக்கு தொடர்கிறது. அந்தப் பாதத்தைச் சார்ந்தவர் அடியார். அவர் தம்மைப் பற்றிப் பேசும்போது அடியேன். அந்த நிலைக்குப் பெயர் அடிமை. ஆகவே ‘அடிகள்’ என்பது மற்றவர்கள் ஒருவரைச் சொல்லும் சொல். ‘அடிமை’ என்பது ஒருவர் தம்மைத் தெய்வத்தின் முன் வைத்துச் சொல்லிக்கொள்வது. ரத்தினகிரியில் ‘பாலமுருகனடிமை’ என்பது முருகனை நோக்கிய பெயர். ‘சுவாமிகள்’ என்பது அடியார்கள் அவரை நோக்கிச் சொல்வது. சொல்லும் வாய் வேறு, நோக்கும் திசை வேறு என்பதால் இரண்டும் ஒரே பெயரில் முரண்படாமல் நிற்கின்றன. வடமொழி மரபில் ‘தாசர்’ என்பதும் இப்படிப்பட்டதே. வாரியாரின் தந்தையார் பெயர்கூட மல்லையதாச பாகவதர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடியேன் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். மேடைகளில் ‘அடியேன் சுவாமிகள் பேசுகிறேன்’ என்று சிலர் தம்மைத்தாமே குறிப்பிடக் கேட்டிருக்கிறேன். அடியேன் என்று தொடங்கியவர் தமக்குச் சுவாமிகள் என்று சேர்த்துக்கொள்ள இயலாது. ஒருவருக்கு உரிய பட்டத்தைப் பிறர்தான் சொல்ல வேண்டும்.

‘அடிகளார்’ என்பதில் ‘கள்’ ஒரு முறையும் ‘ஆர்’ ஒரு முறையும் மரியாதைக்காக வருகின்றன என்று இலக்கணம் பயின்றவர்கள் தயங்குவதுண்டு. குன்றக்குடி அடிகளார் காலம் முதல் அந்த வடிவம் தமிழ்நாடு முழுவதும் நிலைபெற்றுவிட்டது, தயங்க வேண்டியதில்லை. வேதாசலம் என்ற இயற்பெயருடன் சுவாமி வேதாசலம் என வழங்கப்பட்டவர், தனித்தமிழ் இயக்கத்தின்போது மறைமலை அடிகள் ஆனதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். வேதம் மறையாகவும், அசலம் மலையாகவும், சுவாமி அடிகளாகவும் மாறின. சுவாமிக்குச் சரியான தமிழ் ‘அடிகள்’ என்று அவர் தேர்ந்ததில் ஆழ்ந்த மொழியறிவு தெரிகிறது.

ராணிப்பேட்டை வாசகர்: கும்பாபிஷேக அழைப்பிதழில் வருகை தரும் எல்லாப் பெரியோர்களுக்கும் ‘ஸ்ரீலஸ்ரீ’ என்று போடலாமா? எதற்கு எது?

போடக் கூடாது. எங்கள் தெருக்கோயில் அழைப்பிதழின் மெய்ப்பு ஒருமுறை என் பார்வைக்கு வந்தபோது, ஆதீனகர்த்தர் ஒருவருக்கும், இல்லறத்தாரான சொற்பொழிவாளர் ஒருவருக்கும், ஜீயர் ஒருவருக்கும் வரிசையாக ‘ஸ்ரீலஸ்ரீ’ என்றே அச்சாகியிருந்தது. மூன்றில் ஒன்றுதான் பொருந்தியது. மற்ற இரண்டையும் பென்சிலால் அடித்துத் திருத்தி அனுப்பினேன். பழைய அழைப்பிதழை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுவதால்தான் இது நேர்கிறது.

‘ஸ்ரீலஸ்ரீ’ தமிழகச் சைவ ஆதீனங்களின் தலைவர்களுக்கு உரியது. திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களின் தலைவரைக் குருமகாசந்நிதானம் என்று குறிப்பிட்டு, பெயருக்கு முன் ஸ்ரீலஸ்ரீ என்றும் பின் பரமாசாரிய சுவாமிகள் என்றும் எழுதுவர். அங்கே துறவு பெற்றுத் தொண்டு செய்பவர்கள் தம்பிரான் சுவாமிகள். அவர்களுக்கு ஸ்ரீமத் என்பதே முறை. தலைவருக்கு உரியதைத் தம்பிரானுக்கு எழுதினால் அவரே சங்கடப்படுவார். தமிழில் எழுத விரும்புகிறவர்கள் ‘சீர்வளர்சீர்’ என்றும் ‘தவத்திரு’ என்றும் எழுதுகிறார்கள். இவற்றில் தவத்திரு பொதுவானது. துறவறத்தார் எவருக்கும் பொருந்தும். ஒருவருடைய மரபு தெரியாதபோது நான் கைக்கொள்வது அதையே. இல்லறத்தாரான சொற்பொழிவாளருக்குத் திரு அல்லது ஸ்ரீ போதும்.

‘ஸ்ரீ 108’, ‘ஸ்ரீ 1008’ என்று எண்ணுடன் எழுதுவது வடநாட்டுத் துறவியர் வழக்கு. சங்கர மடங்களின் ஸ்ரீமுகங்களில், அதாவது மடத்தலைவரின் அருள்மடல்களில், ‘ஸ்ரீமத் பரமஹம்ஸ பரிவ்ராஜகாசார்ய’ என்று தொடங்கும் நீண்ட விருதாவளி (பட்டங்களின் வரிசை) இருக்கும். துறவில் குடீசகர், பஹூதகர், ஹம்சர், பரமஹம்சர் என்று படிநிலைகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் முதிர்ந்தது பரமஹம்சம். பரிவ்ராஜகர் என்றால் ஓரிடத்தில் தங்காது சுற்றுபவர். அந்த விருதாவளியை அழைப்பிதழில் சேர்க்க வேண்டுமானால் மடத்திலிருந்து எழுத்தில் கேட்டு வாங்கி அப்படியே அச்சிடுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

குடியாத்தம் வாசகர்: ‘கு’ என்றால் இருள், ‘ரு’ என்றால் நீக்குபவர் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அதுதான் சொல்லின் வேரா?

அது பொருள் விளக்கம், சொற்பிறப்பு வேறு. அந்த விளக்கம் வடமொழி நூல்களிலேயே இருக்கிறது, ஆகவே மேடையில் சொல்வதில் குறையில்லை. மொழிநூல்படி ‘குரு’ என்றால் கனமானது, எடை மிக்கது. யாப்பில் குறில் நெடிலை லகு, குரு என்று பிரிக்கும் இடத்திலும், வியாழக் கோளுக்குக் குரு என்று பெயர் இருப்பதிலும் இந்தச் சொல் நிற்கிறது. அறிவிலும் ஒழுக்கத்திலும் கனமானவர் என்ற பொருள் எனக்கு இன்னும் நெருக்கமாகவே படுகிறது.

வேலூர் வாசகி: ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூசை செய்பவரைக் ‘குருக்கள்’ என்கிறோம். அவர் நமக்குக் குருவா? சிவாசாரியார், ஆசாரியர், வாத்தியார் எல்லாம் ஒன்றா?

குருக்கள் என்பது குரு என்பதன் மரியாதைப் பன்மை. சிவாகம மரபில் கோயிலில் பிறர்நலத்துக்காகச் செய்யும் பூசையை எவரும் தொடங்கிவிட முடியாது. தீக்ஷைகள் பெற்று, ஆசாரிய அபிஷேகம் ஆன பிறகே அந்த உரிமை வருகிறது. அப்படி அபிஷேகம் பெற்றவர் தகுதியுள்ளவர்களுக்குத் தாமும் தீக்ஷை அளிக்கலாம். அதனால்தான் அவர் சிவாசாரியார், அதனால்தான் குருக்கள். அவரை வெறும் ‘பூசாரி’ என்று எழுதும் நாளிதழ்ச் செய்திகள் அந்தப் பயிற்சியைக் கணக்கில் கொள்வதில்லை. கிராமத் தெய்வக் கோயில்களில் பூசாரி என்ற சொல்லுக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு. அங்கே குருக்கள் என்று எழுதுவதும் தவறே.

ஆசாரியர் என்றால் சாத்திரப் பொருளைத் திரட்டி, தாம் அதன்படி ஒழுகி, பிறரையும் ஒழுகச் செய்பவர் என்பது மரபான விளக்கம். மனு நூல், உபநயனம் செய்வித்து வேதத்தை முழுவதும் ஓதுவிப்பவரை ஆசாரியர் என்றும், பிழைப்புக்காக ஒரு பகுதியைக் கற்பிப்பவரை உபாத்தியாயர் என்றும் பிரிக்கிறது. அந்த உபாத்தியாயரே நம் வாயில் வாத்தியார் ஆனார். பள்ளி ஆசிரியரும் வாத்தியார், வீட்டுக்கு வந்து ஹோமம் செய்துவைப்பவரும் வாத்தியார். மரத்தச்சரையும் பொற்கொல்லரையும் ஆசாரி என்பதும் ஆசாரியர் என்ற சொல்லின் உறவுதான். கைத்தொழிலைக் கற்றுத்தருபவரையும் அதே சொல்லால் நம் முன்னோர் மதித்திருக்கிறார்கள்.

சோளிங்கர் வாசகர்: ஜீயர் என்றால் வைணவ ஆசாரியர் என்று பொருளா?

வைணவத் துறவி ஜீயர். ஆசாரியர் துறவியாகவும் இருக்கலாம், இல்லறத்தாராகவும் இருக்கலாம். மணவாள மாமுனிகளைப் பெரிய ஜீயர் என்பதும், திருமலையில் பெரிய ஜீயர், சின்ன ஜீயர் என்று இரு பொறுப்புகள் இருப்பதும், வானமாமலை மடத்துத் தலைவர் ஜீயராக இருப்பதும் முதல் வகை. அகோபில மடத்தில் மட்டும் தலைவருக்கு ‘அழகிய சிங்கர்’ என்றே பெயர். அந்த மடத்தின் நரசிம்மப் பெருமானின் பெயர் அவருக்கும் ஆகிறது.

இரண்டாம் வகைக்கு உங்கள் ஊரே சான்று. சோளிங்கர் தொட்டையாசாரியார் இல்லறத்து ஆசாரியர். கன்னடத்தில் ‘தொட்ட’ என்றால் பெரிய. வடமொழியில் அவரை மகாசாரியர் என்பதும் அதே பொருளில்தான். ஆண்டுதோறும் காஞ்சி வரதரின் வைகாசிக் கருட சேவைக்குச் சென்றுவந்த அவர், ஓர் ஆண்டு போக முடியாமல் சோளிங்கர் தக்கான்குளக் கரையில் நின்று உருகியபோது, பெருமாள் அங்கேயே காட்சி கொடுத்ததாக வரலாறு. இன்றும் காஞ்சியில் கருட சேவையன்று கோபுர வாசலில் ஒரு கணம் குடையைச் சாய்த்துப் பெருமாளை மறைக்கிறார்கள். அந்தக் கணத்தில் அவர் சோளிங்கருக்குப் போய் வருகிறார் என்பது நம்பிக்கை. அதற்குத் தொட்டையாசாரியார் சேவை என்று பெயர். விடியற்காலை இருட்டில், கூட்டத்துக்கு மேலே அந்தக் குடை தாழ்ந்து எழுவதைப் பார்த்தவர்களுக்கு, காவி உடுக்காத ஒருவருக்குக் கிடைத்த மதிப்பு எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கலவை வாசகர்: ஆண் துறவியின் பெயரில் ‘சரஸ்வதி’ வருவது ஏன்? ‘மகரிஷி’ பட்டத்தை அளிப்பது யார்?

சங்கரர் மரபுத் துறவியருக்குத் தசநாமி என்று பத்துப் பெயர்கள் உண்டு: தீர்த்த, ஆசிரம, வன, அரண்ய, கிரி, பர்வத, சாகர, சரஸ்வதி, பாரதி, புரி. துறவு தரும் குருவின் பெயர்வழி சீடருக்கும் வரும். இராமகிருஷ்ணரின் குரு தோதாபுரி ஆதலால் அந்த வழி புரி. சிருங்கேரியில் பாரதியும் தீர்த்தரும். காஞ்சியில் இந்திர சரஸ்வதி. சரஸ்வதி, பாரதி இரண்டும் கலைமகளின் பெயர்கள். அங்கே கல்வி வழியைக் குறிக்கின்றன.

உங்கள் ஊரில் இருக்கும் அதிஷ்டானங்களை, அதாவது துறவியரின் சமாதிக் கோயில்களை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். காஞ்சி மடத்தின் 66ஆம், 67ஆம் பீடாதிபதிகள் இருவரும் 1907ஆம் ஆண்டு சில நாள் இடைவெளியில் கலவையில் சித்தியடைந்தார்கள். சுவாமிநாதன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவர் அங்கே சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஆனார். பட்டம், பெயர், பீடம் மூன்றும் மரபு முறைப்படி ஒரே நேரத்தில் வந்தன. பின்னாளில் மக்கள் அவரை அழைத்த ‘பெரியவர்’, ‘பெரியவா’ என்ற பெயரோ எந்த விருதாவளியிலிருந்தும் வந்ததன்று. வீட்டுப் பெரியவரைச் சொல்லும் அதே சொல்.

அதே 1907ஆம் ஆண்டு நவம்பரில், வேலூரில் ஆசிரியராக இருந்து அந்தப் பணியை விட்டுவந்த காவியகண்ட கணபதி சாஸ்திரி, திருவண்ணாமலை விரூபாக்ஷ குகையில் ‘பிராமண சுவாமி’ என்று மக்கள் அழைத்த இளைஞரிடம் தவம் என்பது எது என்று கேட்டு விடைபெற்றார். வேங்கடராமன் என்ற இயற்பெயரைச் சுருக்கி ‘பகவான் ரமண மகரிஷி’ என்று பெயரிட்டவர் அவர்தான். ரமணர் எவரிடமும் முறைப்படி துறவு பெறவில்லை; எனவே அவருக்குத் தசநாமிப் பெயர் கிடையாது. மகரிஷி என்பதை அளிக்கும் பீடம் எதுவும் இல்லை. நவத்வீபத்து அறிஞர் அவையில் ‘காவியகண்டர்’ என்று பட்டம் பெற்ற ஒரு புலவர், தம் குருவைக் கண்டதும் சொன்ன பெயர் அது. ஒரே ஆண்டில் நம் வட்டாரத்தில் நடந்த இந்த இரண்டு நிகழ்ச்சிகளும், நான் முதலில் சொன்ன இரண்டு வகைகளுக்கும் உதாரணமாக நிற்கின்றன.

ஆரணி வாசகி: பெண் குருமார்களுக்குப் பழைய தமிழில் பட்டம் இருந்ததா? ஸ்ரீபுரத்தில் ‘அம்மா’ என்று அழைப்பது எந்த வகை?

இருந்தது. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று ‘பட்டினிக்குரத்தி அடிகள்’ என்ற சமணப் பெண் துறவியைக் குறிப்பிடுகிறது. திருப்பான்மலை அரிட்டநேமியின் மாணவி அவர். குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. சமயம் வேறானாலும், ‘அடிகள்’ என்ற சொல் ஆண் பெண் வேறுபாடின்றி வழங்கியதற்கு நம் மாவட்டத்துக் கல்லிலேயே சான்று இருக்கிறது. சைவத்தில் காரைக்காலம்மையாரின் ‘அம்மையார்’ அனைவரும் அறிந்தது. இக்காலத்தில் சாரதா மடத்துத் துறவினியரின் பெயர் ‘பிரவ்ராஜிகா’ என்று தொடங்கும், பேச்சில் மாதாஜி.

ஸ்ரீபுரத்தில் குருவாக இருப்பவரையும், மேல்மருவத்தூரில் குருவாக இருந்து 2023ஆம் ஆண்டு மறைந்த பங்காரு அடிகளாரையும் ஆண்களாயினும் ‘அம்மா’ என்பது, அவர்களிடம் அன்னையின் அருளைக் காணும் அடியார்களின் வழக்கு. அந்தச் சபையில் பேசும்போது அவ்வாறே அழைப்பது பண்பு.

வாணியம்பாடி வாசகர்: ‘சாமியார்’ மரியாதைச் சொல்லா, இகழ்ச்சியா?

அமைப்பில் மரியாதைச் சொல். ‘ஆர்’ விகுதியே அதைக் காட்டுகிறது. யோகி ராம்சுரத்குமாரைத் திருவண்ணாமலை மக்கள் ‘விசிறி சாமியார்’ என்றதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் பரதேசி, பண்டாரம், ஆண்டி போன்ற சொற்களுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்துவருகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்த யாத்திரிகரைக் குறித்த பரதேசி இன்று வசைச்சொல். ஆகவே பேச்சில் சாமியார் என்று வந்தால் தவறில்லை. எழுத்திலும் மேடையிலும் சுவாமிகள் என்பதே நன்று. வினைமுற்றும் ஒத்துப்போகட்டும்: ‘சுவாமிகள் எழுந்தருளினார்கள்’.

பெயரை உச்சரிக்கத் தயங்கி ஊராலும் மலையாலும் குறிப்பிடுவதும் மரியாதையே. அர்த்தநாரியாகப் பிறந்து சச்சிதானந்தர் ஆனவரை, இங்கே எவரும் அந்தப் பெயரால் அதிகம் சொல்வதில்லை. வள்ளிமலை சுவாமிகள் என்றால் போதும், பொன்னை வழியாகப் பேருந்து ஏறும் எவருக்கும் தெரியும்.

வாலாஜாப்பேட்டை வாசகர்: குருநாதர் மறைந்த செய்தியைச் சுவரொட்டியில் ‘காலமானார்’ என்று எழுதலாமா?

வேண்டாம். சைவ மடத்தவருக்குப் பரிபூரணம் எய்தினார். சங்கர மடத்தவருக்குச் சித்தியடைந்தார். வைணவருக்கு ஆசாரியன் திருவடி அடைந்தார் அல்லது பரமபதித்தார். ஆண்டு நாள் சைவத்தில் குருபூசை, சங்கர மடங்களில் ஆராதனை. வைணவத்தில் அவதரித்த நாளைத் திருநட்சத்திரம் என்று கொண்டாடுவார்கள். எந்த மரபு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் ‘இறைவன் திருவடி சேர்ந்தார்’ என்று எழுதுங்கள்.